அலாவுதீன் மாற்றிய விலை

சூலியா தெருவில் கடிகாரத் தரகு செய்துவந்த அலாவுதீனுக்குக் கடை என்று ஒன்று கிடையாது. பஷீரின் நாணய மாற்றுக் கடை வாசலில் ஒரு முக்காலி, தோளில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. இவற்றை வைத்துக்கொண்டுதான் இருபது வருடம் பிழைத்தார். கப்பல்காரர்கள் கழற்றி விற்ற கடிகாரங்களைத் துறைமுகத்தில் வாங்கி, தௌகேமார்கள் என்னும் சீன முதலாளிகளுக்கும், ஆபீஸ்களில் கணக்கெழுதும் கிராணிகளுக்கும் கைமாற்றி விடுவார். ஆனால் அவருடைய உண்மையான முதல் வேறு. சொன்ன விலையை மாற்றாதவர் என்ற பெயர்தான் அது. பினாங்கில் அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பு பல பேருடைய கடைக்கு இல்லை.

அந்தக் காலத்துப் பேரம் வாயால் நடக்காது. வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலை அழுத்தியே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டு பேருடைய முகம்தான் தெரியும். விலை படிந்ததும் தேநீர் வரும். அதைக் குடித்து முடிப்பதற்குள், விற்கிறவர் கண் முன்னாலேயே கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லலாம். கை மறுபடி துண்டுக்கு அடியில் போகும், யாருக்கும் வருத்தமில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டால் அதோடு சரி. உள்ளே செங்கல்லே இருந்தாலும் அது வாங்கியவன் தலையெழுத்து. மறுநாள் வந்து விலையைக் குறைக்கச் சொல்பவனைத் தெருவில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். தின்றுவிட்டு எச்சில் இலையைக் கொண்டுவந்து காசைத் திருப்பிக் கேட்கிறவன் என்பார்கள். விலை மாறினால், முதல் பேரத்துக்குச் சாட்சியாக இருந்தவரிடம் போய் அதைச் சொல்லியும் ஆக வேண்டும். சாட்சிக்குத் தெரியாமல் மாற்றிய விலை திருட்டுக்குச் சமம்.

ரப்பர் விலை தரையில் விழுந்த முப்பத்தோராம் வருடம், வேலை போன கிராணிகளின் வீடுகளிலிருந்து கடிகாரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அப்போதுதான் டத்தோ கிராமாட்டிலிருந்து அமலம்மாள் ஆள் அனுப்பினாள். அவள் புருஷன் வேதநாயகம் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாக இருந்தவர். பல மாதம் படுக்கையில் கிடந்து, தவக்காலத்தில் இறந்துபோனார். அவருடைய தங்கப் பைக்கடிகாரத்தை விற்க வேண்டும். வீட்டு வாடகை நின்றிருந்தது. மகள் சவுந்தரம் டீச்சர் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது.

அந்தக் கடிகாரத்தை வேதநாயகத்துக்கு விற்றதே அலாவுதீன்தான். இங்கிலீஷ் மெஷின், கெட்டித் தங்க மூடி. அதை வாங்கிய அன்று வேதநாயகம் வேட்டியில் தேநீரைக் கொட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் சிரித்தது அவருக்கு இன்னும் நினைவிருந்தது. அந்தத் தரத்தில் ஒன்று வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று கேம்பல் தெருத் தௌகே ஒருவர் சொல்லியும் வைத்திருந்தார். கையில்தான் பணமில்லை. அலாவுதீனின் மனைவி சித்தி ஹாஜரா இரண்டு கை வளையல்களையும் கழற்றிக் கொடுத்தாள். அவள் தாய் போட்டு அனுப்பிய வளையல்கள். அவை அடகுக்கடைக்குப் போயின.

கைம்பெண் வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது என்று பஷீரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போனார். பெண்களிடம் விரல் பிடித்துப் பேரம் பேச முடியுமா? அதற்கு அலாவுதீன் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு தட்டு, அதன்மேல் துண்டு, பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. ஒரு குச்சிக்குப் பத்து வெள்ளி. துண்டுக்கு அடியில் அமலம்மாள் குச்சிகளை வைத்தாள். அவர் இரண்டை எடுத்தார். அவள் ஒன்றைத் திரும்ப வைத்தாள். பன்னிரண்டில் நின்றது.

தேநீர் வந்தது. அமலம்மாள் தன் கோப்பையைத் தொடவில்லை. கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. பிரிய மனமில்லை போலிருக்கிறது, பாவம் என்று அலாவுதீன் நினைத்தார்.

"திறந்து பாக்கலையா, பாய்?" என்றாள் அவள், மெல்லிய குரலில்.

"இது நான் குடுத்த கடியாரம்மா. வேதநாயகம் கை பட்ட சாமானை நான் திறந்து பாத்தா, அவரையே சந்தேகப்பட்ட மாதிரி. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

பஷீர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அமலம்மாள் வாயைத் திறந்தவள், பஷீரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அலாவுதீன் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை, சுபுஹு தொழுதுவிட்டு வந்து, சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பின்மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது அவர் விற்ற மெஷின் இல்லை. சந்தையில் கூடையில் குவித்து விற்கும் மட்டமான மெஷின் ஒன்றைச் சுற்றிலும் தகடு வைத்து இறுக்கி உட்கார வைத்திருந்தார்கள்.

ஹாஜரா காப்பியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"உள்ளே ஒண்ணுமில்ல, ஹாஜரா. மூடி மட்டுந்தான் தங்கம்."

அவள் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல் செய்தாள். அதனால்தான் அவருக்கு அது அதிகமாக வலித்தது.

வழி இல்லாமலில்லை. தௌகேயிடம் அப்படியே கொடுத்துவிடலாம். அலாவுதீன் கை பட்ட கடிகாரத்தைப் பினாங்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு மூச்சு நேரம் அந்த நினைப்பு வந்து போனது. வந்ததற்காக அவர் வெட்கப்பட்டார். மற்ற வழி, எச்சில் இலையைத் தூக்கிக்கொண்டு டத்தோ கிராமாட்டுக்குப் போவது. போனால் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் என்ன? வேதநாயகம் வீட்டுக்குத் தெரியாமல் உள்ளேயிருந்ததை விற்றுத் தின்றிருக்கிறார் என்றுதான் அவர் முடிவு கட்டினார். திறந்து பார்க்கச் சொல்லி அவ்வளவு நம்பிக்கையோடு கேட்ட மனைவியிடம் போய், உன் புருஷன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்று எந்த வாயால் சொல்வது?

"நீங்க சொல்லாட்டி நான் சொல்றேன்," என்றாள் ஹாஜரா. "பொம்பளைக்குப் பொம்பளை பதமாச் சொல்லிக்குவோம்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இருவருமாகப் போனார்கள். படியில் கால் வைப்பதற்குள் அமலம்மாள் கதவருகே வந்து நின்றாள்.

"வந்துட்டீங்களா, பாய்," என்றாள். "முந்தாநாளே வருவீங்கன்னு பாத்தேன்."

உள்ளே போய், மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து வந்தாள். அவர் கொடுத்த நோட்டுகள், அவர் சுற்றிக் கொடுத்த அதே காகிதத்தில் இருந்தன.

"ஒரு காசு தொடலே. தொட முடியலே."

அலாவுதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவருக்கு ஊசி போடக் காசில்ல. வாடகைக்கும் இல்ல. நான்தான் கடியாரத்தை எடுத்துட்டுப் போயி ஒரு ரிப்பேர்க்காரன்கிட்ட உள்ளே இருந்த மெஷினைக் குடுத்துக் காசு வாங்கினேன். அவருக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும், பாய். அதான் சும்மா ஓடுறதுக்கு ஒண்ணைப் போடச் சொன்னேன். ஒரு நாள் காதுகிட்ட வச்சிட்டு, ஏன் அமலம், சத்தம் மாறிப்போச்சேன்னு கேட்டாரு. கடியாரம் மாறலே, சீக்குல உங்க காதுதான் மாறிப்போச்சுன்னு சொன்னேன். சரின்னு படுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் அதைப் பத்திக் கேக்கவே இல்ல."

ஹாஜரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கே ஏம்மா சொல்லலே?" என்றார் அலாவுதீன்.

"நீங்க திறப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். திறந்ததும் எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதான் கேக்கவும் செஞ்சேன். நீங்க அவரைப் பத்தி அவ்வளவு பெரிசாப் பேசிட்டீங்க. பஷீர் பாய் வேற பக்கத்துல. அப்புறம் நான் எப்படி வாயைத் திறக்கிறது? உங்க மரியாதை என்னைத் திருடியாக்கிடுச்சு, பாய்."

கோபத்தில் சொன்னது அல்ல அது. இருந்தாலும் அலாவுதீனுக்கு நெஞ்சில் தைத்தது. அன்று பேசியதை நினைத்துப் பார்த்தார். இறந்தவருக்காகவா பேசினார்? பஷீர் தலையாட்டுவதற்காகத்தானே பேசினார்! ஒரு கடிகாரத்தைத் திறந்து பார்ப்பது சந்தேகம் இல்லை, எதிரே இருப்பவர் தன் குறையைச் சொல்வதற்குக் கொடுக்கிற இடம். இருபது வருடம் அந்த வழக்கத்தைக் கட்டிக் காத்தவருக்கு, அது எதற்காக இருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது.

தட்டையும் தீப்பெட்டியையும் கேட்டார். துண்டை விரித்தார். அமலம்மாள் ஐந்து குச்சி வைத்தாள். மூடித் தங்கத்துக்கு அதுவே சரியான விலை. அவர் ஒன்று சேர்த்தார். அவள் அதை எடுத்துப் போட்டாள். அவர் மறுபடி வைத்தார். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. கடைசியில் ஹாஜரா தன் வெறுங்கையைத் துண்டுக்கு அடியில் விட்டு இன்னொரு குச்சியையும் வைத்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"ஏழு. இதுக்கு மேல யாரும் பேசக் கூடாது, லா."

ஐம்பது வெள்ளி திரும்பி வந்தது. ஒரு கை வளையலை மீட்க அது போதும்.

புறப்படும்போது அமலம்மாள் வாசல்வரை வந்தாள். "பாய், இது நம்ம மூணு பேரோட போகட்டும். சவுந்தரத்துக்கே தெரியாது. அவரு அண்ணன் வீட்டுக்காரங்க காதுல விழுந்தா, சாகக் கிடந்தவன் கடியாரத்தைக் குடைஞ்சவள்னு என்னை உயிரோட தின்னுடுவாங்க."

"என் வாயில வராதும்மா," என்றார் அலாவுதீன்.

ஆனால் சாட்சிக்குச் சொல்லாமல் இருக்க முடியாதே. மறுநாள் பஷீரிடம் போய், விலை மாறியது, பன்னிரண்டு ஏழாயிற்று என்றார்.

பஷீர் எண்ணிக்கொண்டிருந்த நாணயங்களை விட்டுவிட்டார். "ஏன், அலாவுதீன் நானா? உள்ளே குறையா?"

"குறை என்கிட்டதான். வேற கேக்காதே."

பஷீர் கெட்டவர் இல்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பொழுது சாய்வதற்குள், விதவையிடம் வாங்கிய கடிகாரத்துக்கு மறுநாள் போய் விலையை அடித்துக் குறைத்தவர் அலாவுதீன் என்பது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தேநீர் குடித்துக் கோப்பையை வைத்த பிறகு, அதுவும் செத்துப்போன சிநேகிதன் வீட்டில்! மனைவியையும் கூட்டிப் போய் மிரட்டினார் என்று ஒருவன் கண்ணால் கண்டதுபோல் சேர்த்துக்கொண்டான்.

அதன்பின் அவரிடம் வாங்க வந்தவர்கள் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்கள், திறந்து பார்த்தார்கள், இன்னொருவனிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று போய் வராமலே இருந்தார்கள். விற்க வந்த ஒரு கிழவர், "உன்கிட்ட வேணாம்ப்பா" என்று நேரடியாகவே சொல்லிவிட்டுப் போனார். கேம்பல் தெருத் தௌகே ஆள் அனுப்புவதை நிறுத்தினார். அலாவுதீன் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். துண்டு மடித்தபடியே தோளில் கிடக்கும். வேதநாயகத்தின் கடிகாரத்தை உருக்கக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பொருந்தும் இங்கிலீஷ் மெஷின் எங்காவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டு, பையிலேயே வைத்திருந்தார். வீட்டில்கூட அவர் யாரையும் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. வாங்கிய அடியைத் தனக்குரியதாகவே அவர் எடுத்துக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் ஹாஜராவால் முடியவில்லை.

அவள் ஒருநாள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டத்தோ கிராமாட்டுக்குப் போனாள். அமலம்மாளிடம் எதையும் கேட்கவில்லை. சூலியா தெருவில் என்ன பேசுகிறார்கள் என்பதையும், கடிகாரம் இன்னும் அவர் பையிலேயே இருப்பதையும் மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒற்றை வளையல் போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த நாள் நண்பகல். தெருவில் கூட்டம் நெரியும் நேரம். பஷீர் கடை முன்னால், அஞ்சடி என்னும் நடைபாதையில் அமலம்மாள் வந்து நின்றாள், வெள்ளைச் சேலையில். பக்கத்தில் சவுந்தரம். மகளின் கண்கள் அழுது சிவந்திருந்தன. அவளிடம் வீட்டிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கூட்டிவந்திருந்தாள். அலாவுதீன் பதறி எழுந்தார்.

"இங்கே எதுக்கும்மா வந்தீங்க? வீட்டுக்குப் போங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"குடுத்த வாக்கை நீங்க காப்பாத்திட்டீங்க, பாய். எனக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு." பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தினாள். "பஷீர் பாய், நீங்கதான் அன்னிக்குச் சாட்சி. கிட்ட வாங்க. கடியாரம் இவர் பையிலதான் இருக்கு."

"வேணாம்மா," என்றார் அலாவுதீன். "உங்க பேரு..."

"அன்னிக்கு அவரு பேரைக் காப்பாத்துறேன்னுதான் திறக்காம விட்டீங்க. இப்பவாவது என் முன்னால திறங்க."

அலாவுதீன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முக்காலி மேல் விரித்தார். கடிகாரத்தை அதன்மேல் வைத்து, கட்டைவிரல் நகத்தைக் கொடுத்துப் பின்மூடியைத் திறந்தார். கூட்டம் குனிந்து பார்த்தது. பஷீர் என்ன செய்வதென்று தெரியாமல் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அமலம்மாள் கணவரின் ஊசி மருந்திலிருந்து தொடங்கி, அவரிடம் கடைசியாகச் சொன்ன பொய்வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். அதுவரை யாரும் கோப்பையைத் தொடவில்லை.