இளைப்பை அடக்கிய மாத்திரை

கணேசபாண்டியனின் கன்னத்தில் சதை பிடித்ததைத் தாராவியில் அவர் குடியிருந்த சந்தே கொண்டாடியது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த நாளிலிருந்து குச்சியாய் இருந்த மனிதர். தோல் பை தைக்கும் பட்டறையில் உட்கார்ந்தபடியே நெஞ்சு இளைக்கும். இடுப்பில் கோடாக அரிக்கும் தடிப்பு எழும்பி, டீ குடித்து வருவதற்குள் விரற்கடை தூரம் நகர்ந்திருக்கும்.

"என்ன அண்ணாச்சி, இடுப்புல லோக்கல் ட்ரெயின் ஓடுதா?" என்பார்கள்.

மாஹிம் போகிற வழியில் ஒரு மெடிக்கல் கடைக்காரன் டாக்டர் சீட்டில்லாமல் கொடுத்த வெள்ளை மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தியது. இளைப்பு போயிற்று, அரிப்பு போயிற்று, முகம் பூரித்தது. மனைவி பானுமதி அந்த முகத்தைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள். அதே பட்டறையில் மெஷின் கிடைக்காமல் கைவேலை பார்க்கும் தம்பி செல்வத்துக்கும் இளைப்பு உண்டு. அட்டையோடு எடுத்து அவன் கையில் வைத்தார்.

"போடுல. ஒரு வாரத்துல பாட்டுப் பாடுவ."

தம்பி பாடினான். அண்ணன்தான் விழுந்தார். வயிறு உப்பி, இருமினால் ரத்தம். பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்தபோது பக்கத்தில் டாக்டர் மானசா நின்றிருந்தாள். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"உங்க குடல்ல ரொம்ப வருஷமா புழு இருந்திருக்கு. மண்ணுலேர்ந்து கால் வழியா ஏறும். உள்ளேயே பெருகிண்டே இருக்கும்."

"இத்தன வருசம் ஒண்ணும் பண்ணலயேம்மா?"

"உங்க உடம்பு பண்ண விடலை. புழு இருக்குன்னா செல்லெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கும். சைட்டோகைன்னு பேர். அதுல ஒண்ணு இன்டர்லூகின் அஞ்சு. அந்தச் சேதி போய்ச் சேர்ந்தாத்தான் புழுவோட சண்டை போடற வெள்ளை அணு கூட்டமா வரும். உங்க அரிப்பு, இளைப்பெல்லாம் அந்தச் சண்டையோட சத்தம். நீங்க போட்டது ஸ்டீராய்டு. அது சேதியையே அமுக்கிடுத்து. சத்தம் நின்னதும் குணமாயிட்டதா நெனச்சேள். புழு நுரையீரல் வரைக்கும் போயிடுத்து."

கணேசபாண்டியன் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "என் தம்பியும் அதத்தான் போடுதான்" என்றார்.

மானசாவின் பேனா நின்றது. "அவரும் ஊர்ல உங்களோட இருந்தவரா?"

"ஒரே வாழைத்தோட்டத்துல வெறுங்கால்ல தண்ணி பாய்ச்சுனோம்."

அண்ணன் தம்பி இருவரும் பங்கு பிரிக்காமல் பம்பாய்க்குக் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தப் புழுதான் போலும்.

"மாத்திரையை அவராத் திடீர்னு நிறுத்தவும் கூடாது. இங்க கூட்டிண்டு வாங்கோ. மோஷன், ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டுப் புழு மருந்து குடுத்துடலாம். இப்பன்னா சின்ன வேலை."

மாலையில் செல்வம் இளநீரோடு வந்தான். கன்னம் இரண்டும் பன் மாதிரி இருந்தன.

"நம்ம பட்டறை மொதலாளி மன்சூர் அலி சேட் உங்க மெஷின்ல என்னைய உக்காத்திட்டாரு, எண்ணே. டென்ஷன் எடுக்காதிய."

கணேசபாண்டியன் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னபோது வரிசையாய் இருந்தது, இவர் வாயில் பேய்க்கதையாகிவிட்டது. செல்வம் சிரித்தான்.

"அப்ப இளைச்சா நல்லதுங்கியளா?"

"டெஸ்டு மட்டும் எடுல. கீழதான் இருக்கு."

"லீவு போட்டா சேட் வேற ஆள உக்கார வச்சிருவாரு. மாத்திரையக் குடுத்ததே நீங்கதான? அன்னைக்கு மருந்து. உங்க மெஷின்ல நான் உக்காந்ததும் விஷமாயிட்டோ?"

அவருக்கு இருமல் வந்தது. கட்டிலருகே இருந்த பானுமதி போனை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினாள்.

"கொழுந்தன் சொல்லுததுல என்ன தப்பு? மாத்திரை போட்டப்ப எப்படி இருந்திய. இங்க வந்துதான வத்திப் போனிய."

"மெஷின நீயே வச்சுக்கோல" என்றார் கணேசபாண்டியன். "நான் இனி பட்டறைப் பக்கமே வரல. டெஸ்ட எடு."

"உங்க பிச்ச ஒண்ணும் எனக்கு வேண்டாம்." செல்வம் இளநீரை ஸ்டூலில் வைத்தான். "முதல்ல உடம்பத் தேத்துங்க."

மூன்று மாடி ஏறி வந்தவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போகிறவன் முதுகின் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். எத்தனையோ வருடம் தம்பிக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட இளைப்பு, அந்தச் சண்டையின் சத்தமாய் ஒரே ஒரு முறை வந்துவிடாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். செல்வம் படியிறங்குவது கேட்டது. செருப்புச் சத்தம் மட்டும்தான்.