படுத்திருந்தவளின் முறை

எனக்கு வாய் நீளம். சேலத்து மில்லில் சேர்ந்த மாதமே அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சேர்ந்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. நான் வெறும் பதிலி. தினமும் காலையில் மில் கேட்டுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு நிற்பேன். உள்ளே யாராவது வரவில்லையென்றால் மேஸ்திரி எங்களில் ஒருத்தியைக் கூப்பிடுவார். எல்லோரும் வந்துவிட்டால் நான் குடியிருந்த அம்மாபேட்டைக்குத் திரும்பி நடக்க வேண்டியதுதான். புதுச்சத்திரத்துப் பக்கம் எங்கள் வெள்ளாமைக் காடு மழையில்லாமல் காய்ந்ததால் வந்த பிழைப்பு அது.

ஓமலூர்க்காரி ஒருத்திக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அவள் நூல் சுற்றும் ராட்டை எனக்குக் கிடைத்தது. எட்டு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவது அந்த மில்லின் வழக்கம். ஒன்பதாம் நாள் மேஸ்திரி பேர்ப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

“கைநாட்டு வை புள்ளெ. இனி இந்த எடம் உன்னுது.”

ஆசை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கட்டைவிரல் தானாகவே மைப்பெட்டிப் பக்கம் போனது. ஆனால் முந்தின நாள்தான் அவளைப் போய்ப் பார்த்திருந்தேன். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவள், “என்ற எடம் இருக்குதா அக்கா?” என்றுதான் கேட்டாள். புருஷன் இல்லாதவள், அந்த ராட்டையில்தான் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டன. விரலை இழுத்துக்கொண்டேன்.

“ஏனுங்க மேஸ்திரி, எங்கூருல பங்குக் கெணத்துல ஒருத்தன் படுத்துட்டா, அவன் தண்ணி முறையன்னிக்கு அடுத்த பங்காளி அவன் காட்டுக்கும் எறைச்சு உடுவானுங்க. முறையப் புடுங்கிக்க மாட்டானுங்க. நானும் எறைச்சு உடறேன். பேரு அவளுதா இருக்கட்டும்.”

“இதென்ன உங்கூர்க் கெணறா? நீயில்லீன்னா வெளிய பத்துப் பேரு நிக்கறாங்க” என்று அவர் கேட்டைப் பார்த்து நடந்தார்.

நானும் பின்னாலேயே ஓடி, அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தனை பெண்களிடமும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். எல்லோரும் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த காட்டிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அன்று அவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. கடைசியில் ஒருத்தி சொன்னாள்: “வேலைக்கு வாரோமுங்க. அவ எடத்துல எங்க பேரு மட்டும் வேண்டாமுங்க.” மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

மேஸ்திரி மானேஜரிடம் போனார். சாயங்காலம் நூல் மூட்டை போக வேண்டிய அவசரத்தில் மானேஜர் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அவள் பெயருக்கு நேரே ‘காய்ச்சல் லீவு’ என்று எழுதினார். எனக்குப் படிக்கத் தெரியாது. குமாஸ்தாவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

ஒன்றரை மாதம் நான் அந்த ராட்டையை ஓட்டிய பிறகு, முடி கொட்டி எலும்பும் தோலுமாக அவள் வந்தாள். ராட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பழையபடி கேட்டுக்குப் போனேன்.

அன்று உள்ளே எல்லோரும் வந்திருந்தார்கள். எனக்கு வேலை இல்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு அம்மாபேட்டைக்கு நடந்தேன். அன்றைக்கு இருந்த திமிர், பிறகு எனக்கே சொந்தமாக ராட்டை கிடைத்த நாளில்கூட இல்லை.