ஓங்கிய கை

பிழிந்த போர்வைகளைக் கொடியில் விரித்து முடித்ததும் சுசீலாபாய் சேலைமேல் போட்டிருக்கும் நீலக் கோட்டைக் கழற்றி வைக்கிறாள். இரண்டு வரிசைப் போர்வைகளுக்கு நடுவே வந்து நிற்கிறாள். இடது கால் முன்னே, மரவாள் வலது தோளுக்கு மேலே. தம்பானூர் லாட்ஜ் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புத் தூணுக்குக் கிழிந்த மெத்தையைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். கால் நகர, வாள் சாய்வாக இறங்கி மெத்தையில் பொத்தென்று விழுகிறது. கீழே பஸ் ஸ்டாண்டில் நெய்யாற்றின்கரைக்கு ஆள் கூப்பிடுகிறார்கள்.

அறைகளைச் சுத்தம் செய்வது அவள் வேலை. வடசேரிக்காரி, ஐம்பதை நெருங்குகிறாள். ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ இரண்டு கையாலும் பிடித்துச் சண்டையிட்ட நீள வாள் இது. கதவு பழுதுபார்க்க வந்த ஆசாரி மிச்ச மரத்தில் இழைத்துக் கொடுத்தார். கற்றுத் தருவது செல்போனில் வரும் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன். “அவன் வாய் பேசது எனக்கு மனசிலாவாது. கை பேசது மனசிலாவும்.”

முதன்முதலில் அவள் பார்த்த வீடியோவில் ஒரு வாள் அவன் தலைக்கு நேராக வந்தது. நின்ற இடத்திலேயே தன் வாளை உயர்த்தி அதை ஏந்திக்கொண்டான். அவ்வளவுதான். சுசீலாபாய் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பத் திரும்ப அதையே பார்த்தாள்.

புருஷன் செல்வமணி கொத்தனார். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒருமுறைகூடத் தடுத்ததில்லை. “திருப்பி அடிக்கதுக்கு இல்ல, கேட்டியா. ஒரு மட்டம் தடுக்கணும். அம்புட்டுதான்” என்று கூட வேலை பார்க்கும் எலிசாளிடம் சொல்லியிருக்கிறாள்.

தடுக்கப் பழகுமுன்னே செல்வமணியைப் பக்கவாதம் சாய்த்தது. செயலற்றுப்போனது அடித்த அந்த வலது கைதான். கஞ்சி ஊட்டினாள், புரட்டிப் போட்டுத் துடைத்தாள், அந்தக் கைக்கு நகம் வெட்டிவிட்டாள். ஆடி மழையில் அவன் இறந்துபோனான். “போயிட்டாரு. நான் இனி ஆரத் தடுக்க?” என்று கேட்டாள். ஆனாலும் தூணிடம் போவதை நிறுத்தவில்லை.

தூண் திருப்பி அடிக்காது. கழக்கூட்டம் பக்கம் ஒரு மைதானத்தில் ஐ.டி. பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வாளைப் பழகுவதாக எலிசாள் எங்கோ கேள்விப்பட்டு வந்தாள். இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். பையன்கள் சுசீலாபாயின் கால்வைப்பைப் பார்த்து அசந்துபோனார்கள். “சேச்சி சூப்பராணல்லோ!” முகத்துக்கு வலைக்கவசம் மாட்டிவிட்டார்கள். ஜெயந்த் என்கிற பையன் எதிரே வந்து, மெதுவாகத்தான், வாளை ஓங்கினான்.

எந்தப் பக்கம் வந்தால் எப்படி ஏந்துவது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் வாளைப் பார்க்கவில்லை. ஓங்கிய கையைத்தான் பார்த்தாள். மரவாள் கீழே விழுந்தது. இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு புல்லில் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

“சேச்சி, ஞான் ஒந்நும் செய்தில்லல்லோ” என்றான் ஜெயந்த். தன் வாளைப் புல்லில் போட்டான்.



மறுநாள் போர்வைகளை விரித்த பிறகு அவள் வாளை எடுக்கவில்லை. எலிசாளைக் கூப்பிட்டாள்.

“பிள்ளே, எனக்க முன்ன நின்னு கைய ஓங்கு.”

“ஒனக்கு வட்டாக்கா? எதுக்கு?” எலிசாள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அடிக்காண்டாம். ஓங்குனா போதும்.”

எலிசாள் தயங்கித் தயங்கி ஈரக் கையைத் தூக்கினாள். சுசீலாபாயின் கைகள் பதறிக்கொண்டு நெஞ்சுவரை எழும்பின. அவற்றைச் சிரமப்பட்டுக் கீழே இறக்கினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. இமைக்காமல் அந்தக் கையையே பார்த்து நின்றாள்.

“இன்னும் ஒசத்து” என்றாள்.