நிலாவில் அடித்த பெரட்டு மணி

என் மகள் சுங்கைப் பட்டாணி நகரத்து வீட்டில் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு செவ்வாய் கிரகத்து நாடகம் கேட்கிறாள். தனக்குத் தானே சிரிக்கிறாள், திடுக்கிடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை, எரிச்சல்தான் வருகிறது. எங்கள் காலத்தில் ஒரு வீட்டில் ராக்கெட் கிளம்பினால் லயத்து வரிசையில் பத்து வீட்டுக்குக் கேட்கும்.

திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த பெண் நான், வீட்டில் சும்மா இருந்தேன். உண்மையில் சும்மா இல்லை, வானொலிக்கு ஒரு விஞ்ஞான நாடகம் எழுதி அனுப்பியிருந்தேன். பூமியில் இடமில்லாமல் நிலாவில் குடியேறியவர்களைப் பற்றிய நாடகம். என்னைவிட்டால் இந்த நாட்டில் இதை எழுத ஆளில்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஞாயிறு பிற்பகல் நாடகம் ஒலியேறும் என்று நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அம்மா அப்போதே நாளைக் குறித்துவிட்டாள். அவள் ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டுபவள், வளர்த்துப் பேச மாட்டாள்.

“கேட்டுப் பாக்கறேன். நல்லா இருந்துச்சுன்னா டவுனுல டைப்பிங் படி. இல்லன்னா திங்கக்கிழம என்கூட பெரட்டுக்கு வந்துரு. அவ்ளோதான்லா.”

பெரட்டு என்றால் விடிவதற்கு முன் தோட்டத்துக் கணக்கரான கிராணி ஆள் கணக்கெடுக்கும் இடம். மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதை அடித்ததும் தோட்டமே எழுந்து ஓடும். எனக்கு அது வேண்டாம். மரம் சீவும் உளியும் பால் வாளியும் இல்லாத ஒரு வாழ்க்கை வேண்டும், அதற்கு இந்த நாடகம் அம்மாவுக்குப் பிடித்தாக வேண்டும்.

ஞாயிறன்று பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். காலையெல்லாம் துணி துவைத்த களைப்பில் அம்மா சுவரில் சாய்ந்தாள். வானொலியில் ராக்கெட் பிரமாதமாகக் கிளம்பியது. எதைச் சுழற்றி அந்தச் சத்தத்தை உண்டாக்கினார்களோ, எனக்கே மயிர் கூச்செறிந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பவும் முடியாமல், நாடகத்தைக் கேட்கவும் முடியாமல் தவித்தேன்.

மூன்றாம் காட்சி. நிலாவில் முதல் காலை. ‘தண்டவாளத்தில் இரும்புக் கம்பியால் அடிக்கும் மணியோசை’ என்று நான் எழுதியிருந்தேன், நிலையத்தில் அதை அச்சு அசலாக அடித்திருந்தார்கள்.

அம்மா துள்ளி எழுந்தாள். கொடியில் கிடந்த தலைத்துணியை உருவிக் கட்டினாள். மூலையில் இருந்த உளியை எடுத்துக்கொண்டு, “நேரமாச்சு, நேரமாச்சு” என்று வாசல்வரை போய்விட்டாள். வெளியே வெயில் கொளுத்தியது. கூடம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது.

“அக்கா, அது ரேடியோலா!” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

அம்மா சிரிக்கவில்லை. உளியைப் பிடித்தபடியே வாசலில் நின்று மீதி நாடகத்தைக் கேட்டாள். எல்லாரும் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“ராக்கெட்டு போறது, மனுசங்க மெதக்கறது எல்லாம் எழுதியிருக்க. அவ்ளோ தூரம் போயும் ஏம்மா அங்க மணி வெச்ச?”

“மணி அடிக்கலன்னா காலையில எப்படிம்மா எந்திரிப்பாங்க?” என்றேன்.

சொல்லும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நிலாவில் ஒரு பகல் நம் கணக்கில் இரண்டு வாரம் நீளும் என்று படித்து, அதை அதே நாடகத்தில் பெருமையாகச் சொல்லியும் இருந்தேன். அப்படிப்பட்ட இடத்தில் விடிகாலை ஐந்தரைக்கு ஆளை எழுப்ப மணி அடித்திருக்கிறேன். ராக்கெட்டைக் கற்பனை செய்ய முடிந்த எனக்கு, மணி அடிக்காத ஒரு காலையைக் கற்பனை செய்ய முடியவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா உளியை மூலையில் சாய்த்து வைத்தாள்.

“நீ இன்னும் ஒருநாள்கூட பெரட்டுக்குப் போகல. அதுக்குள்ள உன் தலைக்குள்ள மணியக் கட்டிட்டாங்க” என்றாள்.

தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பது? அம்மாவின் பழைய தலைத்துணி ஒன்றை மடித்து என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். அழுகையாக வந்தது.

திங்கட்கிழமை இருட்டோடு மணி அடித்தது. எழுந்து உட்கார்ந்து தலைத்துணியைக் கையில் எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கித் தன் தலையில் கட்டிக்கொண்டாள்.

“நீ படு. ஏழு மணி பஸ்ஸுக்கு டவுனுக்குப் போய் டைப்பிங்ல பேர் குடு” என்றாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா உளியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.