ஒரு பக்கம் தாழ்ந்த மெஷின்

பிள்ளைகளா, போன மழை மாதத்தில் அப்பா நான் ஏன் சிடுசிடுவென்று இருந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அப்போது சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்லலாம்.

அம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்றாள் அம்மா, தன் தம்பிக்குக்கூட. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மனம் சும்மா இருக்குமா? கட்டி கெட்டது என்றால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். அலைந்தால் வேலைக்கு யார் போவது? வேலை போனால் தோட்டம் கொடுத்த இந்த லயத்து வீடும் போகும். வீடு போனால் உங்கள் படிப்பு? சொல்லவே வாய் கூசுகிறது, மனதுக்குள் அம்மாவுக்குக் காரியம்கூடச் செய்து முடித்துவிட்டேன்.

நம் தேயிலை மலையில் இப்போது கொழுந்தை மெஷினில்தான் வெட்டுகிறோம். ஒரே மெஷினைச் செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே உயரத்தில் பிடித்து நடந்தால் இளங்கொழுந்து மட்டும் பையில் விழும். என் ஜோடி அம்மாவின் அந்தத் தம்பி, உங்கள் மாமாதான். ரிசல்ட்டுக்கு முந்தின நாள், பாதி நிரையில் அவன் இன்ஜினை அணைத்தான்.

"மச்சான், கொழுந்து வெட்டுறீங்களா, விறகு வெட்டுறீங்களா? பின்னால பாருங்க லா."

திரும்பினேன். அவன் பக்கம் பாய் விரித்தாற்போல் பச்சை. என் பக்கம் முழுக்க வெட்டுப்பட்ட கட்டைகள். கை தாழ்ந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியவே இல்லை.

என் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. வீட்டில் என்ன என்று கேட்டான். செடிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து கட்டி, ஈப்போ, வீடு, படிப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவனைத் தூக்கி வளர்த்தவள் அம்மா. அவனும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நாளைக்கு என்னா செய்யணும்?"

"ரிசல்ட் வாங்கணும்."

"அவ்ளோதானே? மத்தது எதுவும் இன்னும் வரல மச்சான். இந்த மெஷினுக்கே ரெண்டு பேரு வேணும். அதையெல்லாம் ஒத்தையா தூக்கிக்கிட்டு நடக்குறீங்களாக்கும். நாளைக்கு நான் கார் எடுத்துட்டு வரேன்."

யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே மறுநாளுக்கு அந்த ஒரு வேலைதான் இருந்தது. மற்றதெல்லாம் நானாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்ட சுமை. பயம் போய்விடவில்லை. ஆனால் ஒரே ஒரு பயமாகச் சுருங்கியது. மிச்ச நிரையை நேராக வெட்டினோம்.

மறுநாள், கட்டி கெட்டதில்லை, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். தம்பியிடம் சொன்னதற்காக அம்மா வழியெல்லாம் என்னை ஏசினாள். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. வழியில் பிரிஞ்சாங் டவுனில் இறங்கி உங்களுக்குச் சோளம் வாங்கினோம். கெட்டதாகவே இருந்திருந்தாலும் அடுத்து செய்ய ஒரு வேலைதான் இருந்திருக்கும், பிள்ளைகளா. அதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

சாயங்காலம் நீங்கள் மாமா வீட்டுக்கு விளையாடப் போனீர்கள். அம்மா அசந்து தூங்கிவிட்டாள். ஊசி போட்ட அன்று ரத்தம் பட்ட ரவிக்கையை அவள் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள். அதன் பிறகு நாங்கள் இருவருமே அதைத் தொடவில்லை. அதை எடுத்துக் குழாயடிக்குப் போய் உப்புப் போட்டுத் தேய்த்தேன். கறை போனதும் பிழிந்து, அடுப்புக்கு மேலே கொடியில் காயப் போட்டேன்.