ஏலக்காய் மணக்கும் பாவாடை

பிள்ளைகளா, இந்தச் சீட்டைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். நடுராத்திரியில் எழுதுகிறேன், அம்மா விழித்தால் தொலைந்தேன்.

வெற்றிடத்தையே தாண்டி வரும் சூரிய வெப்பம் போடிமெட்டு மேகத்தை மட்டும் தாண்டுவதில்லை. அதனால் என் ஒரே யூனிஃபார்ம் பாவாடையை, அப்பா தீ போட்டு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நேற்று ராத்திரி முதலாளிக்குத் தெரியாமல் காயப்போட்டோம்.

"சூட்டுக் குழாய் மேல போடாத ஆத்தா, கருகிப்போகும். உசரக் கொடியில போடு, சூடு தானா ஏறி வரும்" என்றார் அப்பா.

பாவாடை காய்ந்தது. ஏலக்காய் வாசமும் ஏறிவிட்டது.

காலையில் நான் பள்ளிக்கு வரும் ஜீப்பைச் செக்போஸ்ட்டில் நிறுத்திய கடத்தல் சோதனைக்காரர் என் பக்கம் மோப்பம் பிடித்தார்.

"பாப்பா, பைக்குள்ள எத்தன கிலோ ஏலக்காய்?"

பையைக் கவிழ்த்தார். புத்தகமும் தூக்குச்சட்டியும்தான் விழுந்தன. உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு வேலை போய்விடும். குனிந்து புத்தகங்களைப் பொறுக்கினேன்.

சந்தைக்கு வந்த எஸ்டேட் அக்கா ஒருத்தி, "ஏலமலைப் புள்ள பின்ன மல்லியப்பூவாண்ணே மணக்கும்? வெரசா விடுங்க, சோலி கெடக்கு" என்றாள். ஜீப்பே சிரித்தது.

முன்சீட்டில் இருந்த முதலாளியின் கணக்குப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி, ஒருமுறை மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

சாயங்கால மழையில் பாவாடை மறுபடியும் நனைந்துவிட்டது. இனி ஸ்டோர் பக்கம் தலைவைக்க முடியாது.

நாளை நீங்கள் இதைப் படிக்கும்போது ஈரத்தோடுதான் உட்கார்ந்திருப்பேன். உடம்புச் சூட்டில் எத்தனையாவது பீரியடில் காயும்? பந்தயம் கட்டுங்கடி.