காப்பிக் களத்துக் கராத்தே

களம் முழுக்கக் காப்பிப் பழத்தைக் காயப் போட்டிருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த கராத்தே மாஸ்டர் ஓரமாக நின்று, "பழம் காஞ்சு அள்ளற வரைக்கும் கிளாஸ் லீவு கண்ணு" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சீக்கிரமே இருட்டிவிடும் பனிமாதங்கள் அவை. எனக்குக் கராத்தே தேவைப்பட்டதே அந்த மாதங்களுக்காகத்தான்.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். சாயங்காலம் மாரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டத்துச் சரிவில் இறங்கும் குறுக்குப் பாதையில் வீட்டுக்கு நடக்க வேண்டும். அங்கே ஒருவன் பின்னாலேயே வந்து வாய்க்கு வந்ததைப் பேசுவான். அப்பாவிடம் சொன்னால், "ஊட்டுலயே இரு சாமி, வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்பார். வேலையை விட எனக்கு மனமில்லை. அதனால்தான் கராத்தே. நல்ல மாஸ்டர் யார் என்று புதிதாகச் சேருகிறவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கம் வந்தவரே அவர் ஒருவர்தான். இடுப்பில் கறுப்பு பெல்ட்டோடு கையால் ஓடு உடைத்துக் காட்டினார். வாயைப் பிளந்துகொண்டு சேர்ந்துவிட்டேன்.

எங்களுக்குச் சமதரை என்று இருந்தது காப்பிக் களம்தான். அந்த சிமெண்டுத் தரையில் நின்றுதான் உதைக்கப் பழகினோம். ஒருநாள், "ஏனுங்க மாஸ்டர், சரிவுல நின்னுக்கிட்டு எப்படிங்க ஒதைக்கறது?" என்று கேட்டேன். "மொதல்ல இத ஒழுங்காப் பண்ணு கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அந்த லீவில்தான் குறுக்குப் பாதையில் அவன் என் கையைப் பிடித்தான். கற்றபடியே காலைத் தூக்கி உதைத்தேன். ஊன்றிய கால் ஈரச் சருகில் வழுக்கி, மல்லாக்க விழுந்தேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். புடவைச் சேற்றைப் பார்த்த அப்பா மறுநாளே என் வேலையை நிறுத்திவிட்டார்.

களம் காலியானதும் மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "நீ நின்னதே தப்பு கண்ணு, பாதத்தச் சமமா ஊணல" என்றார். அட மகராசா, சமமாக ஊன்ற அங்கே தரை எங்கே இருந்தது? கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நொம்ப நல்ல மனுஷன். அதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

இப்போது என் மகள் சேலத்தில் வேலை பார்க்கிறாள். இருட்டிய பிறகுதான் ரூமுக்குத் திரும்புகிறாள். போன வாரம் இருவரும் ஒரு கராத்தே பள்ளிக்குப் போனோம். கண்ணாடிச் சுவர், மெத்தை விரித்த தரை, அலமாரி நிறையக் கோப்பைகள். மகளுக்குப் பிடித்துப்போனது. நான் அங்கிருந்த மாஸ்டரிடம், "ஒருத்தன் கையப் புடிச்சு இழுத்தா என்ன பண்றதுன்னு எப்பங்க சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பிரவுன் பெல்ட்டுக்கு மேலதாங்க மேடம். அதுக்கு ரெண்டு மூணு வருசம் ஆகும்."

"அது வரைக்கும் அவன் காத்துக்கிட்டு இருப்பானுங்களா?"

அவர் சிரித்தார். நான் மகளைப் பார்த்து, "எந்திரி கண்ணு, வேற எடம் பாக்கலாம்" என்றேன்.